சான் டியேகோ நகரில் உஷ்ணதேசக் கனிமரங்கள்

உஷ்ணதேசத்துக் கனிமரங்களைக் குளிர்நாட்டிற் பயிராக்குவார்க்கு உறைபனியே பெரும்பகை என்பது யாவரும் அறிந்ததே. ஆயின் உறைபனி அரிதாகிய ஊரிலும் அம்மரங்கள் எளிதிற் பயன் தருவதில்லை. அதன் காரணத்தை, அமெரிக்காவின் மேற்குக் கரையில் வட அட்சரேகை 33 பாகைக்கு அருகிலுள்ள சான் டியேகோ நகரைக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

அந்நகரின் கோடையைப் பசிபிக் கடற்காற்றுத் தணிக்கின்றது. மழையோ ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10 அங்குலமே. அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்திற் பெய்வது. குளிரும் ஈரமும் ஒருங்கே தாக்கின் பப்பாளியின் வேர் அழுகும். ஆதலின் அதனை மேடு கூட்டிய மண்ணில், வீட்டின் தென்சுவரை ஒட்டி நடுவர். பகலில் வெயிலை உண்ட சுவர் இரவில் அவ்வெப்பத்தைச் சிறிது சிறிதாக உமிழும். குளிர்காற்று நீரைப்போலப் பள்ளம் நாடுவதாகலின், பள்ளத்திலுள்ள தோட்டத்தினும் சரிவிலுள்ளதே நன்று. வாழை பிழைத்து நிற்குமேனும், குளிர்காலத்தில் வளர்ச்சி தடைப்படுவதால் குலை தள்ள நெடுநாளாகும்.

மாவின் செய்தியே வியப்புடையது. குளிர்ந்த இரவுகள் அதனைப் பூக்கத் தூண்டுவன. ஆதலின் அங்கே இடுப்பளவுக் கன்றும் குளிர்காலத்திலேயே பூங்கொத்து விடும். கண்டவர் மகிழ்வர், அம்மகிழ்ச்சி நில்லாது. தட்பத்தில் மகரந்தம் வலியிழக்கும். சாம்பல்நோய் பூவைப் பற்றும். பிடித்த பிஞ்சும் வித்தின்றிச் சிறுத்துப் பெரும்பாலும் உதிரும். எனவே முதற் பூங்கொத்துக்களை வளர்ப்பவரே தம் கையால் ஒடித்தெறிதல் வேண்டும். ஆண்டுக்கணக்கிற் காத்திருந்து கண்ட பூவை ஒடிக்க யாருக்குத்தான் மனம் வரும்! ஒடித்தால் வளர்ந்த மரம் இளவேனிற் கதகதப்பில் மீண்டும் பூத்துக் காய்க்கும். கன்றாயின் அப்பூவையும் நீக்கி, அதன் வலிமை தண்டுக்கும் இலைக்கும் செல்லுமாறு விடுதலே முறை. கனி முதிர்வது நம் நாட்டைப்போலச் சித்திரை வைகாசியிலன்று, ஆவணிக்குப் பின்னரே.

அந்நகருக்கு மிக ஏற்றது நம் சீத்தாவின் உறவாகிய செரிமோயா. ஆண்டீஸ் மலைச்சாரலுக்குரியதாதலின் அது கடுவெயிலை வேண்டுவதில்லை. கலிபோர்னியாவில், சாந்தா பார்பராவில், 1871-ஆம் ஆண்டிலேயே அது நடப்பட்டது. இதற்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. இதன் பூ முதலிற் பெண்மையுற்று நின்று, மறுநாட் பிற்பகலிலேயே மகரந்தம் உதிர்க்கும். ஒரு பூவினின்று மற்றொன்றிற்கு அதனைக் கொண்டு சேர்க்கும் வண்டுகள் அங்குப் போதிய அளவில் இல்லை. ஆதலின் மாலையில் முதிர்ந்த பூவின் மகரந்தத்தைச் சிறு தூரிகையால் எடுத்து, அப்பொழுதுதான் இதழ் விரியத் தொடங்கிய பூவின் உள்ளே தடவுவர். குறைவாகத் தடவிய பூ கோணற் கனியாகும். ஒரு கிளைக்குச் சில பூக்களே போதும். மிகுந்தால் கனிப்பாரத்தாற் கிளை முறிதலும் உண்டு.