பையைத் திறக்கும் முன்



ஊரை விட்டு இந்த நகரத்திற்கு வந்த புதிதில் உங்கள் வீட்டுக் கதவை முதலில் தட்டியவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அவர் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரராய் இருந்திருப்பார். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம், இந்தியோ மராத்தியோ கன்னடமோ பேசத் தெரியாதவன் ரேஷன் அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் அவரே சொல்லித் தந்தார். முன்பணம் குறைந்தபோது வீட்டுக்காரரிடம் உங்களுக்காகப் பரிந்து பேசினார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இரவு பதினொரு மணிக்கும் வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார். ஊரிலிருக்கும் கூடப்பிறந்த அண்ணன் செய்யக்கூடியதை இங்கே அவர் செய்தார்.

அதே சகோதரர் ஒரு நாள், "பிரதர், ஞாயிறு சாயங்காலம் ஒரு நல்ல கூட்டம் இருக்கிறது. சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று அழைக்கிறார். நம்மிடையே கூட்டம் என்றால் அதற்கு ஒரே பொருள்தான். வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு குடும்பமாய்ப் புறப்படுகிறீர்கள். போய்ச் சேரும் இடமோ ஓர் ஓட்டல் மண்டபம். கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் மேடையில் வட்டங்கள் வரைகிறார். அடுத்தடுத்துச் சிலர் எழுந்து, கடனில் இருந்த தாங்கள் கார் வாங்கிய கதையைச் சாட்சியைப்போலவே சொல்லுகிறார்கள். கைதட்டல் எழும்புகிறது. முடிவில் உங்கள் கையில் ஒரு படிவம் கொடுக்கப்படுகிறது. திரும்பி வரும் பேருந்தில் உங்கள் மனைவி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அவர் இத்தனை நாள் நம் வீட்டுக்கு வந்தது இதற்காகத்தானா?"

ஒருவேளை இதற்காக அல்லாமலும் இருக்கலாம். அந்தச் சகோதரர் மெய்யாகவே உங்களை நேசித்தவராயிருக்கலாம். ஆனாலும் அந்தக் கேள்வி எழுந்துவிட்டபின் அடுத்த முறை அவர் ஜெபிக்க வரும்போது உங்கள் கண்கள் மூடியிருந்தாலும் மனம் அவர் கையிலிருக்கும் பையின்மேல் இருக்கும். இதுவே இந்தக் காரியத்தின் மெய்யான நஷ்டம். படிவத்தோடு கட்டிய சில ஆயிரம் ரூபாய் இதற்கு முன் சிறியது.

நெட்வொர்க் மார்க்கெட்டிங் வகுப்புகளில் கற்றுத்தரப்படும் ஆலோசனை ஒன்று உண்டு: முதலில் நம்பிக்கையைச் சம்பாதியுங்கள், பிறகு வியாபாரத்தைப் பேசுங்கள். தெரிந்தவர்கள் பெயர்களை ஒரு நோட்டில் எழுதச் சொல்வார்கள். உறவினர், பக்கத்து வீட்டார், உடன் வேலை செய்வோர், ஆலயத்தில் உடன் அமருவோர் என்று பட்டியல் வளரும். அவர்கள் நலம் விசாரியுங்கள், தேவையை அறியுங்கள், ஆர்வத்தைத் தூண்டுங்கள், என்ன வியாபாரம் என்பதை மட்டும் உடனே சொல்லாதேயுங்கள் என்பது பாடம்.

இதில் பாதி சரியே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பின் அறியாதவனிடம் யாரும் பொருள் வாங்கமாட்டார்கள். நம் ஊர் மளிகைக் கடைக்காரர் முப்பது வருஷமாய் நம்பிக்கையினால்தான் கடை நடத்தினார். ஆனால் அவர் சம்பாதித்தது சரியான எடையினாலும், கெட்டுப்போன பருப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டதினாலும் வந்த நம்பிக்கை. வியாபாரத்தில் உண்டானதை வியாபாரத்தில் செலவிட்டார். சபைக்குள் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கையோ வேறொரு இடத்திலிருந்து வந்தது. உபவாச ஜெபத்தில் சேர்ந்து அழுததினால் வந்தது. ஒரே அப்பத்தில் பங்குபெற்றதினால் வந்தது. அதை எடுத்துச் சரக்கை நகர்த்துகிறவன், தன் பெயரில் இல்லாத கணக்கிலிருந்து பணம் எடுக்கிறான்.

ஆதியாகமம் 23ஆம் அதிகாரத்தை ஒரு வியாபாரியின் கண்களோடு வாசித்திருக்கிறீர்களா? சாராள் மரித்தபோது ஆபிரகாமுக்கு அடக்கம்பண்ண ஓரடி நிலமும் சொந்தமில்லை. நம்மைப்போலவே பிழைக்க வந்த பூமியில் அவன் அந்நியன். ஆனாலும் ஏத்தின் புத்திரர் அவனை மகாபிரபுவாக மதித்திருந்தார்கள். தங்கள் கல்லறைகளில் சிறந்ததை எடுத்துக்கொள்ளும்படி சொன்னார்கள். நம்பிக்கை ஏற்கெனவே நிறைய இருந்தது. அவனோ அதை வைத்து விலையைக் குறைக்கவில்லை. எல்லாரும் கேட்க, தனக்கு வேண்டியது இன்னாருடைய நிலத்தின் கடைசியிலுள்ள மக்பேலா குகை என்றும், அதற்கு முழு விலை தருவதாகவும் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டான். எப்பெரோன் சும்மா தருகிறேன் என்றபோதும் ஏற்கவில்லை. பட்டணவாசலில், சாட்சிகளுக்கு முன், 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தான். வாங்கினவன் ஆபிரகாம்தான், விற்றவனல்ல. ஆனால் நோக்கத்தை முதலில் சொல்லுதலும், கணக்கை வெளிச்சத்தில் வைத்தலும் இருவருக்கும் பொதுவானவை.

கொரிந்துவில் ஆக்கில்லாவோடும் பிரிஸ்கில்லாளோடும் பவுல் கூடாரத் தொழில் செய்தார். கூடாரத்தைக் கூடாரம் என்று சொல்லியே விற்றிருப்பார் என்று நம்புகிறேன்.

இந்த நாட்டின் சட்டமும் அதையே கேட்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2021 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்த நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகளின்படி, ஒருவரிடம் விற்பனை பேசத் தொடங்கும்போதே, அவர் கேட்காமலேயே, தான் யார், எந்த நிறுவனத்தின் சார்பில் வந்திருக்கிறார், என்ன பொருள், எதற்காக வந்தார் என்பதை விற்பவர் உண்மையாய்த் தெரிவிக்க வேண்டும். அடையாள அட்டையில்லாமலும், முன்கூட்டி அனுமதி பெறாமலும் ஒருவர் வீட்டிற்கு விற்கச் செல்லக்கூடாது. சேருவதற்கு நுழைவுக் கட்டணம் கேட்கவும் கூடாது. வேறு ஆட்களைக் கூட்டிவந்தால் கொடுத்த விலை உமக்கே திரும்பிவிடும் என்று சொல்லி வாங்க வைப்பதும் தடைசெய்யப்பட்டதே. ஆகவே, ஜெபிக்க என்று சொல்லி வந்து பையைத் திறப்பது பாவமா இல்லையா என்று நாம் வாதாடிக்கொண்டிருக்க, விதி அதற்கு முன்பே இடம் தரவில்லை.

பொருளே முக்கியமில்லாமல், ஆட்களைச் சேர்ப்பதால் மட்டும் பணம் வரும் திட்டங்களின் காரியம் இன்னும் கடினமானது. அவற்றை 1978ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. மூன்று ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. நடத்துகிறவர் மாத்திரமல்ல, ஆள் சேர்க்கிறவரும் அதற்குள் வருவார். "எனக்கு மேலே இருக்கிறவர் சொன்னார், நான் செய்தேன்" என்பது காவல் நிலையத்தில் உதவாது.

கணக்கையும் சற்று போட்டுப் பாருங்கள். ஒருவர் 6 பேரைச் சேர்க்க, அவர்கள் தலைக்கு 6 பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் படியில் 216 பேர் வேண்டும். நம்முடைய வீட்டுச் சபைகளில் பல அதற்குள்ளேயே முடிந்துவிடும். ஆறாம் படியில் 46,656 பேர். பன்னிரண்டாம் படியில் 217 கோடிக்கும் அதிகம். இந்தியாவின் ஜனத்தொகையே சுமார் 140 கோடிதான். ஆகையால் கடைசியாய்ச் சேருகிறவர்களுக்குக் கீழே யாரும் இருக்கமாட்டார்கள். அந்தக் கடைசி ஆள் யார்? சென்ற மாதம் ஊரிலிருந்து வந்து, ஆராதனையில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தம்பிதான்.

சோப்பும் சத்துமாவும் விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் சகோதரிகள் இதை வாசித்துக் கலங்கவேண்டாம். கணவனின் சம்பளம் வாடகைக்கே போய்விடும் நகரத்தில், வீட்டிலிருந்தபடி நாலு காசு பார்ப்பது கனமான உழைப்பு. உங்களிடம் கேட்பது ஒன்றே: விற்கப் போகிற நாளும் ஜெபிக்கப் போகிற நாளும் வேறாயிருக்கட்டும். "அக்கா, நான் ஒரு கம்பெனி பொருள் விற்கிறேன், காட்ட வரலாமா?" என்று போனிலேயே கேளுங்கள். இந்த விற்பனையில் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதையும் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அடுத்த வாரமும் அதே முகத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போக முடிகிறதா என்று பாருங்கள். போக மனம் வராவிட்டால், அதுவரை நீங்கள் பழகியது அவர்களுக்காக அல்ல என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். போதகரின் மனைவியோ மூப்பரோ இதில் இறங்கினால் இன்னும் எச்சரிக்கை வேண்டும், ஏனெனில் அவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல எளிய விசுவாசிக்குத் துணிவு வராது.

அழைக்கப்படுகிறவர்களும் கூச்சப்பட வேண்டியதில்லை. "என்ன கூட்டம்?" என்று கேளுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். அபராதமில்லாமல் விலகிக்கொள்ளும் காலம் எத்தனை நாள் என்று அதில் தேடிப் பாருங்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

மும்பையில் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி, இரண்டு வருஷம் இந்த வியாபாரத்தில் இருந்துவிட்டு விலகினார். கட்டிலுக்கடியில் மீந்திருந்த சத்துமாவு டப்பாக்களைவிட அவரைப் பாரப்படுத்தியது, தான் சேர்த்துவிட்ட பதினொரு வீடுகள். ஒவ்வொரு வீட்டிற்கும் போனார். திறக்காத டப்பாக்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு, தையல் வேலையில் வந்த காசைத் தவணையாய்க் கொடுத்தார். ஒன்பது வீட்டார் உள்ளே அழைத்து டீ கொடுத்தார்கள். ஒரு வீட்டில் பணத்தை வாங்கிக்கொண்டு வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். மற்றொரு குடும்பம் அதற்குள் சபையையே விட்டுப் போயிருந்தது. அவர்களுடைய புதிய விலாசத்தை அவர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.