நம் முன்னோர் நடந்து வந்த பாதை

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளில் வேலை செய்யும் நம்ம பிள்ளைகள், தீபாவளிக்கு பஸ் ஏறினால் அன்றைக்கே லயத்துக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் நம் முன்னோரில் முதலில் வந்தவர்கள் மலைக்கு நடந்துதான் வந்தார்கள். இது பல பிள்ளைகளுக்குத் தெரியாது.

1823ஆம் ஆண்டளவில் கோப்பித் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினர். தேயிலைத் தோட்டம் வந்தது அதற்குப் பிறகு, 1867இல்தான். படகில் மன்னார்க் கரையில் இறங்கி, கங்காணியின் பின்னால் கூட்டம் கூட்டமாக மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். நல்ல தண்ணீர் இல்லை. வயிற்றுக்குச் சாப்பாடு இல்லை. கொலராவும் காய்ச்சலும் கண்டு வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். பலருடைய பெயர்கூட எங்கும் எழுதப்படவில்லை.

அவர்களை நினைத்து, 200 ஆண்டு நிறைவில் அதே வழியில் ஒரு நடைபயணம் நடந்தது. 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி, மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை வழியாக, ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. மலையக மக்களோடு மற்றச் சமூகத்தவரும் சேர்ந்து நடந்தனர். இது உல்லாச நடை அல்ல. காணி, வீடு, நியாயமான சம்பளம், சமமான குடியுரிமை வேண்டும் என்று கேட்ட நடை.

பெற்றோர்களே! உரிமை கேட்கும் நாம் நம்ம கதையையும் தெரிந்திருக்க வேண்டும். தாத்தா, பாட்டி இருக்கும்போதே கேளுங்கள்: எந்த ஊர், எந்தக் கங்காணி, முதலில் எந்தத் தோட்டம்? ஒரு கொப்பியில் எழுதி, பிறப்புச் சான்றிதழ்களோடு பத்திரமாக வையுங்கள். கொழும்புப் பிள்ளைகள் லீவில் வந்தால் வாசிக்கக் கொடுங்கள்.