அப்பா இல்லாத ஆளைப் பார்க்கிறாரா? லூயி பாடி டிமென்ஷியாவுக்கு இரண்டு மருந்து சேர்ந்தால் பலன் தருமா?

"அந்தச் சின்னப் பையன் யாரு? ரொம்ப நேரமா மூலையில நிக்கிறான். சாப்பிட ஏதாவது குடுங்க."

ராத்திரி 2 மணிக்கு 70 வயது அப்பா இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூலையில் யாருமே இல்லை. ஆனால் மறுநாள் காலையில் அதே அப்பா பேப்பர் படித்துவிட்டு தெளிவாகப் பேசுகிறார். வீட்டில் ஒருவர் 'காத்து கருப்பு' என்கிறார், இன்னொருவர் 'வயசாயிடுச்சு, அப்படித்தான்' என்கிறார். இரண்டும் இல்லாமல், இது லூயி பாடி டிமென்ஷியா என்ற மூளை நோயாகவும் இருக்கலாம்.

இந்த நோய்க்கு ஒரு மருந்தோடு இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பலன் கிடைக்குமா என்று பிரிட்டனில் ஒரு பெரிய சோதனை தொடங்கப்பட்டது. அந்த இரண்டு மருந்துகளும் நம்ம ஊர் மருந்துக்கடைகளிலேயே விற்பவை. அதனால் இது நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தான். விரிவாகப் பார்ப்போம்.

லூயி பாடி டிமென்ஷியா என்றால் என்ன?

மூளை செல்களுக்குள் 'ஆல்ஃபா சினியூக்ளின்' என்ற புரதம் உருண்டை உருண்டையாகத் தேங்கிவிடும். இந்த உருண்டைகளை 1912-ல் விவரித்தவர் ஜெர்மனியில் பணியாற்றிய மருத்துவர் ஃபிரடெரிக் லூயி. அவர் பெயரில்தான் இவை 'லூயி பாடி' என்று அழைக்கப்படுகின்றன. இதனால் வரும் டிமென்ஷியாவை 1976-ல் ஜப்பான் மருத்துவர் கென்ஜி கொசாகா விளக்கினார். ஹாலிவுட் நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014-ல் இறந்த பிறகு, அவருக்கு லூயி பாடி நோய் இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரியவந்தது.

முக்கிய அறிகுறிகள் நான்கு:

1. இல்லாத மனிதர்களும் விலங்குகளும் தெளிவாகக் கண்ணுக்குத் தெரிவது.
2. ஒரு நேரம் தெளிவு, ஒரு நேரம் குழப்பம் என மாறி மாறி இருப்பது.
3. தூக்கத்தில் கத்துவது, கை காலை உதைப்பது. மறதி தொடங்குவதற்குப் பல வருஷம் முன்பே இது வரலாம்.
4. பார்க்கின்சன் நோய் போல நடை தளர்வது, உடல் இறுகுவது, கை நடுங்குவது.

இதில் இரண்டு வகை உண்டு. உடல் தளர்ச்சிக்கு முன்போ, அது தொடங்கி ஓராண்டுக்குள்ளோ மறதி வந்தால் ஒரு வகை. பார்க்கின்சன் வந்து ஓராண்டுக்கு மேல் கழித்து மறதி வந்தால் அது 'பார்க்கின்சன் டிமென்ஷியா'. இரண்டுக்கும் அடியில் இருப்பது அதே புரத உருண்டைகள்தான்.

சரி, எந்த இரண்டு மருந்து?

முதலாவது, டோனெபசில் அல்லது ரிவாஸ்டிக்மின். நம் ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் 'அசிட்டைல்கோலின்' என்ற ரசாயனம் தேவை. லூயி பாடி நோயில் அது கடுமையாகக் குறைகிறது. இருக்கிற கொஞ்சமும் சீக்கிரம் கரைந்துபோகாமல் இந்த மருந்துகள் காக்கின்றன. ஓட்டைத் தொட்டியில் ஓட்டையை அடைக்கிற மாதிரி.

2000-ல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில் 120 பேருக்கு ரிவாஸ்டிக்மின் சோதிக்கப்பட்டது. மாயக் காட்சி, பதற்றம், ஆர்வமின்மை ஆகியவை குறைந்தன. 2004-ல் 541 பார்க்கின்சன் டிமென்ஷியா நோயாளிகளிடமும் ரிவாஸ்டிக்மின் ஓரளவு பலன் தந்தது. ஆக, முதல் மருந்துக்கு ஆதாரம் இருக்கிறது.

இரண்டாவது, மெமன்டின். இது வேலை செய்யும் பாதையே வேறு. 'குளுட்டமேட்' என்ற இன்னொரு ரசாயனம் மூளை செல்களை அளவுக்கு மீறித் தூண்டுவதை இது தடுக்கிறது. 2010-ல் சுமார் 200 பேரிடம் நடந்த ஆய்வில், முதல் வகையினருக்கு லேசான முன்னேற்றம் தெரிந்தது. பார்க்கின்சன் டிமென்ஷியா உள்ளவர்களுக்கு அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை.

வேறு வேறு பாதையில் வேலை செய்யும் இரண்டையும் சேர்த்தால் என்ன? இதைக் கேட்பதுதான் 'கோபால்ட்' சோதனை.

கோபால்ட் எப்படி நடக்கிறது?

பிரிட்டனின் நியூகாசில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் நடத்தும் இந்தச் சோதனைக்கு அந்நாட்டு அரசின் சுகாதார ஆய்வு நிதி கிடைத்துள்ளது. இரண்டு வகை நோயாளிகளையும் சேர்த்து 300-க்கும் மேற்பட்டோரை எடுக்கத் திட்டமிடப்பட்டது.

சோதனையில் சேரும் எல்லோரும் ஏற்கெனவே முதல் மருந்தை எடுப்பவர்கள். அது நிறுத்தப்படாது. கூடவே ஒரு பகுதியினருக்கு மெமன்டின், மற்றவர்களுக்கு அதே மாதிரி தெரியும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது.

எதற்கு இவ்வளவு சுற்று என்று தோணலாம். இந்த நோயின் குணமே ஒரு நாள் நன்றாக, ஒரு நாள் மோசமாக இருப்பதுதான். புது மாத்திரை போட்ட வாரம் தற்செயலாக நல்ல வாரமாக இருந்தால், 'மாத்திரை வேலை செய்யுது' என்று நாமே நம்பிவிடுவோம். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

இரண்டு எப்போதும் ஒன்றைவிட நல்லதா?

இல்லை. அல்சைமர் நோயில் இதே கேள்வி கேட்கப்பட்டது. 2012-ல் வெளியான 'டோமினோ' ஆய்வில் 295 நோயாளிகள் பங்கேற்றனர். டோனெபசிலை நிறுத்தாமல் தொடர்ந்தவர்களுக்கு நன்மை இருந்தது. ஆனால் அதோடு மெமன்டினையும் சேர்த்தபோது, டோனெபசில் மட்டும் எடுத்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

இந்தியாவில் டோனெபசிலும் மெமன்டினும் சேர்ந்த ஒரே மாத்திரையே விற்பனையில் உள்ளது. அது அல்சைமருக்கான மாத்திரை. 'பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குக் கொடுத்தாங்க' என்று வாங்கிவிட வேண்டாம். டோனெபசில் இதயத் துடிப்பைக் குறைக்கலாம், வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். மெமன்டினால் தலைசுற்றலும் குழப்பமும் வரலாம். சிலருக்கு மாயக் காட்சி கூடியதாகவும் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

இதைவிட முக்கியம்: எந்த மாத்திரை கூடாது?

இல்லாத ஆள் தெரிகிறார் என்றதும், 'மனநோய்' என்று ஹாலோபெரிடால் போன்ற மருந்து கொடுக்கப்படும் ஆபத்து இருக்கிறது. லூயி பாடி நோயாளிகளில் இத்தகைய மருந்து எடுப்பவர்களில் பாதிப்பேர் வரை கடும் எதிர்விளைவு வரலாம் என 1992 முதலே ஆய்வுகள் எச்சரிக்கின்றன. உடல் விறைத்துப்போகலாம், நினைவு தப்பலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

நடுக்கத்துக்குத் தரப்படும் டிரைஹெக்ஸிஃபெனிடில், சில சளி மாத்திரைகள் போன்றவை அசிட்டைல்கோலினுக்கு எதிராக வேலை செய்பவை. இவை குழப்பத்தை அதிகமாக்கும். ஆனால் எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஓசூர், கிருஷ்ணகிரியில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர் டிமென்ஷியாவுடன் வாழ்வதாக 2023-ல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. 1970, 80-களில் ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த தலைமுறை இப்போது அந்த வயதில்தான் இருக்கிறது.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் பணியாளரிடம் மறதி, மாயக் காட்சி பற்றியும் சொல்லுங்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆலோசனை பெறலாம். எல்லை தாண்டினால் பெங்களூருவில், அதே ஓசூர் சாலையிலேயே, மூளை மற்றும் மனநலத்துக்கான மத்திய அரசு நிறுவனமான நிம்ஹான்ஸ் இருக்கிறது.

போகும்போது மூன்று விஷயம்: அப்பாவுக்கு எந்த நேரத்தில் தெளிவு, எந்த நேரத்தில் குழப்பம் என இரண்டு வாரக் குறிப்பு. தூக்கத்தில் கத்துவதை எடுத்த செல்போன் வீடியோ. வீட்டில் பேசுவது தமிழா, தெலுங்கா, கன்னடமா என்ற தகவல். ஞாபகப் பரிசோதனையைத் தெரியாத மொழியில் செய்தால் முடிவு தப்பாகலாம்.

இங்கே இப்படி ஒரு சோதனைக்கு அழைத்தால்?

'சி.டி.ஆர்.ஐ' என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். 2009 முதல் பதிவு கட்டாயம். நோயாளியால் முடிவெடுக்க இயலாவிட்டால், சட்டப்படி அவர் சார்பில் சம்மதிக்கக்கூடியவரின் கையெழுத்து வேண்டும். சோதனையால் பாதிப்பு வந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் 2019 விதிகளில் வழி உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவச எண்களை அழைக்கலாம்.

இந்த நோயை முழுசாகக் குணப்படுத்தும் மாத்திரை இல்லை. ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அதற்கு முன்னால், அப்பா பார்க்கும் அந்தச் சின்னப் பையனைப் பற்றி மருத்துவரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டியது நாம்தான்.