இந்த ஷாக் பலிக்குமா?

இதயம் திடீரென நின்று சுருண்டு விழுந்தவரின் மார்பில் பட்டைகளை ஒட்டியதும், டிஃபிப்ரிலேட்டர் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்கிறது: இது ஷாக் கொடுக்க வேண்டிய துடிப்பா, இல்லையா? கீழறைகள் சுருங்கி விரியாமல் தாறுமாறாக நடுங்கினால் 'கொடு' என்கிறது. கொடுத்தால் பலிக்குமா என்பது அதன் கணக்கில் இல்லை.

அதற்கான தடயம் இசிஜியிலேயே இருக்கிறது. முதல் சில நிமிடங்களில் நடுக்க அலைகள் உயரமாக, நெருக்கமாக வரும். ரத்தம் கிடைக்காத தசையில் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு தீரத் தீர, அலை குட்டையாகி, மந்தமாகி, கடைசியில் நேர்கோடாகிவிடும். நேர்கோடாகும் முன், அலை குட்டையான கட்டத்தில் 200 ஜூல் பாய்ச்சினால் நடுக்கம் ஒருவேளை அடங்கும். பிறகு துடிக்க இதயத்தில் தெம்பு இருக்காது.

உயரத்தை மட்டும் நம்ப முடியாது. பட்டை ஒட்டிய இடமும் ஆளின் உடல்வாகும் அதை மாற்றிவிடும். எனவே சில நொடி இசிஜியை அலைவெண் வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வீச்சையும் அதன் அலைவெண்ணால் பெருக்கிக் கூட்டுகிறார்கள். 'ஆம்சா' என்பது அந்தக் கூட்டுத்தொகை. இத்தாலிய ஆம்புலன்ஸ் பதிவுகளை அலசி 2015இல் ரிஸ்தாஞோ குழு வெளியிட்ட ஆய்வில், 15.5ஐத் தொட்டவர்களுக்கு ஷாக் பெரும்பாலும் பலித்தது, 6.5க்குக் கீழே அநேகமாகப் பலிக்கவே இல்லை. மார்பை நன்றாக அழுத்தினால் இந்த எண் ஏறும்.

அப்படியானால் எண் குறைவாக இருக்கும்போது அழுத்திவிட்டுப் பிறகு ஷாக் கொடுக்கலாமே? நியாயமான யோசனைதான். நியூயார்க் தீயணைப்புத் துறை ஆம்புலன்ஸ்கள் பங்கேற்று 2013இல் வெளியான ஆய்வு, வேறோர் அலைக்கணக்கை வைத்து 987 பேரிடம் இதைச் சோதித்தது. உயிரோடு வீடு திரும்பியவர்கள் விகிதத்தில் வித்தியாசம் இல்லை. ஆம்சாவை வைத்தே நடந்து 2023இல் வெளியான சிறிய ஆய்விலும் நடுக்கம் அடங்குவதில் முன்னேற்றம் தெரியவில்லை.

'பலித்தது' என்பதற்கே ஆளுக்கொரு பொருள். ஷாக்குக்குப் பின் 5 நொடி நடுக்கம் இல்லையென்றால் இயந்திரத்துக்கு வெற்றி. வீட்டாருக்கு அது போதுமா? தவிர, அழுத்தும்போது கை அசைவும் இசிஜியில் கலந்துவிடும். சுத்தமான அலைக்காகக் கையை எடுத்தால் இதயத் தசைக்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். அசைவை வடிகட்டும் மென்பொருள்கள் வந்திருக்கின்றன. அமெரிக்க இதயச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் அவற்றின் பயன் இன்னும் நிறுவப்படவில்லை என்றது.

ஷாக்கைத் தடுக்கும் காவலாளியாக இந்த எண்ணை வைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. மார்பை அழுத்துபவர் பக்கம் அதைத் திருப்பி வைக்கலாம். எண் இறங்கினால் கை தளர்ந்துவிட்டதா, ஆளை மாற்ற வேண்டுமா என்று பார்க்க அது உதவக்கூடும்.