வரைபடம் வரைதலும் படித்தலும்

எண்களை நிரையாக அடுக்கிவைத்தால் அவற்றை ஊன்றிப் படிப்பார் சிலரே. அவ்வெண்களையே கோடாக வரைந்து காட்டின், யாவரும் ஒரு நொடி நின்று பார்ப்பர்; பார்த்தவுடன் ஒரு முடிவிற்கும் வந்துவிடுவர். அம்முடிவு பிழைபடுதலும் கூடும் என்பதை நம் ஊர்க் கணக்கொன்றைக் கொண்டே ஈண்டுக் காட்டப் புகுகின்றேன். இலக்கணம் பயில்வோனுக்குக் கட்டத்தாளில் யாது வேலை என நண்பர் சிலர் நகைக்கலாம். செய்யுளுக்குப் பதவுரை கண்ட பின்னரே கருத்துரை கூறுதல் வேண்டும் என்பது எங்கள் வகுப்பிற் கற்பிக்கப்படும் முறை. வரைபடத்திற்கும் அம்முறையே பொருந்தும்.

திருப்பூர் நகரின் மக்கள்தொகையை எடுத்துக்கொள்வோம். 1961-இல் ஏறத்தாழ 80 ஆயிரம். 1971-இல் 1 லட்சத்து 13 ஆயிரம். 1981-இல் 1 லட்சத்து 65 ஆயிரம். 1991-இல் 2 லட்சத்து 35 ஆயிரம். 2001-இல் 3 லட்சத்து 45 ஆயிரம். 2011-இல் 4 லட்சத்து 44 ஆயிரம். கட்டத்தாளில் ஒரு கிடைக்கோடும் அதன் இடக்கோடியில் ஒரு நிமிர்கோடும் வரைக. கிடைக்கோட்டில் ஒரு சென்டிமீட்டருக்குப் பத்தாண்டு எனவும், நிமிர்கோட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு ஐம்பதினாயிரம் பேர் எனவும் அளவு கொள்க. 1961-இன் புள்ளி ஒன்றரைச் சென்டிமீட்டருக்குச் சிறிது மேலும், 2011-இன் புள்ளி ஒன்பதுக்குச் சிறிது கீழும் அமையும். புள்ளிகளை இணைத்தால் 2001 வரை வரவரச் செங்குத்தாக ஏறும் கோடொன்று தோன்றும். பனியன் தொழில் பெருகப் பெருக ஊரும் பெருகிய வரலாறு அக்கோட்டில் அடங்கியிருக்கின்றது. புள்ளிகளே எண்ணிக் கண்டவை. இடைப்பட்ட கோடு நாம் ஊகித்து இழுத்தது என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

இத்தகைய கோட்டுப் படங்களை வணிகக் கணக்கிற்குப் பயன்படுத்திப் பரப்பியவர் வில்லியம் பிளேஃபேர் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர். 1786-இல் அவர் வெளியிட்ட நூலில் நாடுகளின் ஏற்றுமதி இறக்குமதிகளை ஆண்டுவாரியாகக் கோடிட்டுக் காட்டினார். தம் தாய்நாட்டிற்கோ ஓராண்டுக் கணக்கே அவர் கைக்குக் கிடைத்தது. ஓராண்டைக் கொண்டு கோடு இழுப்பது எங்ஙனம்? ஆகவே ஒவ்வொரு நாட்டுடன் நடந்த வணிகத்திற்கும் ஒவ்வொரு பட்டை வரைந்தார். பட்டைப் படம் இவ்வாறு குறைபாட்டினின்று பிறந்தது! 1801-இல் வட்டப் படத்தையும் அவரே வெளியிட்டார்.

பட்டைப் படத்திற்கு இன்றியமையாத விதி ஒன்று உண்டு: அடி சுழியத்தில் தொடங்கல் வேண்டும். ஒரு பனியன் கம்பெனியில் முதல் வாரம் 100 கட்டும் மறுவாரம் 104 கட்டும் முடிந்தன என்று கொள்வோம். அடியை 98-இல் தொடங்கி வரைந்தால் முதற்பட்டை 2 பங்கு உயரமும் மற்றது 6 பங்கு உயரமும் பெறும். நூற்றுக்கு நான்கு கூடிய வேலை கண்ணுக்கு மும்மடங்காகத் தோன்றும். எண் பொய்யன்று; படம் பொய்.

நம் ஊர்க் கோட்டிற்குத் திரும்புவோம். அதனை மடக்கைத்தாளில் வரைந்தால் வேறொரு செய்தி புலப்படும். சாதாரணத் தாளில் சம உயரம் சமமான கூடுதலைக் குறிக்கும். மடக்கைத்தாளில் சம உயரம் சமமான மடங்கைக் குறிக்கும். 1961 முதல் 2001 வரை பத்தாண்டுக்கொருமுறை ஏறத்தாழ 1.4 முதல் 1.5 மடங்காக ஊர் பெருகிற்று. ஆகையால் அக்கோடு பெரும்பாலும் நேர்கோடாகவே செல்லும். 2001-க்குப் பின் மடங்கு 1.3-க்குக் குறைய, கோடு வளைந்து தாழ்கின்றது. ஊரின் வளர்ச்சி தளர்ந்துவிட்டதோ என்று ஐயுறத் தோன்றும்.

இங்கேதான் பதவுரை வேண்டும். 'திருப்பூர்' என்னும் சொல்லுக்கு இப்படத்தில் என்ன பொருள்? பழைய நகர எல்லைக்கு உட்பட்ட நிலம் என்பதே. நகருக்குக் கிழக்கே காங்கேயம் சாலையில் உள்ள நம் நல்லூர் அக்காலத்துத் தனி நகராட்சி. 2011-ஆம் ஆண்டில் நல்லூரும் வேலம்பாளையமும் எட்டு ஊராட்சிகளும் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டன. விரிந்த எல்லைக்கு அதே 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள்தொகை 8 லட்சத்து 77 ஆயிரத்து 778. இதனை வட்டப் படமாக்கினால் பழைய நகரின் பங்கு 182 பாகை. பின்னர்ச் சேர்ந்த ஊர்களின் பங்கு 178 பாகை. வட்டத்திற் சரிபாதி என்றே சொல்லலாம். வளர்ச்சி தளரவில்லை, எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே வந்து குடியேறியிருந்தது.

இனி ஒருவர், 2001-க்குப் பழைய எல்லையின் எண்ணையும் 2011-க்குப் புதிய எல்லையின் எண்ணையும் எடுத்து ஒரே கோடாக இணைத்தால் என்னாகும்? பத்தாண்டில் ஊர் இரண்டரை மடங்கிற்கு மேல் பெருகியதாகப் படம் முழங்கும். அப்படி இணைக்கப்பட்ட படங்களைக் காண்பது அரிதன்று. பழைய கோட்டை மட்டும் நம்புபவர், குடிநீர்க் குழாய்க்கும் பள்ளிக்கூடத்திற்கும் இனி மிகுதியான பொருள் வேண்டுவதில்லை என்பார். இணைத்த கோட்டை நம்புபவர், எங்கிருந்தோ நான்கு லட்சம் பேர் திடீரென வந்திறங்கினர் என்று அஞ்சுவார். நல்லூரில் முன்னமே வீடு கட்டி, தறி ஓட்டி, தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்த மக்களை இருவருமே கண்டிலர்.

எல்லை மாறிய இடத்தில் கோட்டை அறுத்துவிட்டு, புதிய எல்லைக்குத் தனிப் புள்ளி இட்டு, காரணத்தை அருகில் எழுதுவதே நேர்மையான முறை. 2021-இல் நடந்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு உரிய காலத்தில் நடைபெறாமல், 2027-ஆம் ஆண்டிற்கென அறிவிக்கப்பட்டது. அவ்வெண் வெளிவரும்போது வரைய விழைவோர், அதனை முந்தைய புள்ளியினின்று ஒரு சென்டிமீட்டர் தொலைவில் அன்று, ஒன்று புள்ளி ஆறு சென்டிமீட்டர் தொலைவில் இடுக. அதனோடு ஒப்பிடத்தக்க எண் 4 லட்சத்து 44 ஆயிரம் அன்று. 8 லட்சத்து 78 ஆயிரமே.