தீவுக்கு வரும் பேட்டரிக்கு வயது என்ன?

அந்தமானின் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் விடியற்காலையிலேயே வண்டிகள் வரிசை கட்டிவிடும். கேட் திறப்பது குறித்த நேரத்துக்குத்தான். போலீஸ் பாதுகாப்போடு, ஜாரவா பழங்குடியினர் வாழும் காட்டுக்குள் சுமார் 50 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது, முந்தக் கூடாது, நிறுத்தவே கூடாது. காடு முடியும் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வண்டியைப் படகில் ஏற்றி இன்ஜினை அணைத்தால், பாராடாங் கரையில் மறுபடி ஸ்டார்ட் செய்துதான் இறக்க முடியும். அங்கே ஒரு பொலேரோவுக்குச் செல்ஃப் எடுக்கவில்லை என்றால், அதன் பின்னால் நிற்கும் பஸ், லாரி, டூரிஸ்ட் கார் எல்லாமே மாட்டிக்கொள்ளும். தள்ளி ஸ்டார்ட் செய்யப் படகில் இடம் ஏது?

அந்தமானில் ஜீப், பொலேரோ, ஜிப்ஸி, தார் என்று கரடுமுரடான பாதைக்கான வண்டி வைத்திருப்பவர்கள் பேட்டரி மாற்றும்போது, சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் உறவுக்காரரிடம் யோசனை கேட்பது வழக்கம். வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: நல்ல கம்பெனியா பாரு, ஆம்பியர் அதிகமா இருக்கானு பாரு. இரண்டும் தப்பில்லை. ஆனால் தீவில் இவை மூன்றாவது, நான்காவது கேள்விகள். முதலில் கேட்க வேண்டியது, அந்த பேட்டரி என்று தயாரானது, எத்தனை மாதமாக அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது என்பது.

நம் ஊரில் பேட்டரியைத் தின்பது வெயில். வெப்பம் எட்டுப் பத்து டிகிரி கூடினால் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். வேலூரிலும் திருச்சியிலும் சித்திரை, வைகாசியில் பேட்டரிக் கடைக்காரருக்குக் கை ஓயாது. அந்தமானில் அப்படியில்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, இரண்டு பருவக்காற்றும் வந்து போகும் வானம். பெரும்பாலான மாதங்களில் பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டுவதில்லை. ஆக, வெயில் அங்கே பெரிய எதிரியில்லை. பேட்டரியைத் தீர்த்துக்கட்டுபவை வேறு: காத்திருப்பு, குலுக்கல், உப்பு.

காத்திருப்பிலிருந்து தொடங்குவோம். அமரான் பேட்டரி திருப்பதிப் பக்கத்திலிருந்து வருகிறது. எக்ஸைடுக்கு ஓசூரில் ஆலை இருக்கிறது. இரண்டுமே சென்னைத் துறைமுகத்துக்கு அரை நாள் தொலைவுதான். அதற்குப் பிறகுதான் தாமதம். அமிலம் நிரப்பிய பேட்டரி கப்பல் சரக்கு விதிகளில் அரிக்கும் பொருள் பட்டியலில் வருகிறது. விமானத்தில் பெட்டியோடு பெட்டியாகக் கொண்டுபோகவும் விடமாட்டார்கள். எனவே கிடங்கு, கப்பல், சுமார் 1,200 கிலோமீட்டர் கடல், ஹாடோ துறைமுகம், பிறகு அபர்தீன் பஜார் கடை. (2024-இல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறினாலும், வாயில் வருவது இன்னும் பழைய பெயர்தான்.) அங்கிருந்து காம்பெல் பேக்குப் போக வேண்டுமென்றால் தெற்கே இன்னும் 500 கிலோமீட்டருக்கு மேல் கடல் இருக்கிறது. கடல் கொந்தளித்தால் கப்பல் எப்போது கிளம்பும் என்பது கப்பலுக்கே வெளிச்சம்.

இத்தனை நாளும் பேட்டரி சும்மா இருப்பதில்லை, உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது. கால்சியம் கலந்த ஈயத் தட்டு என்றால் மாதத்துக்கு மூன்று நான்கு சதவீதம் சார்ஜ் தானாகவே இறங்கும். ஆண்டிமனி அதிகமுள்ள பழைய ரகத்தில் இறக்கம் அதைவிடப் பல மடங்கு வேகம். சார்ஜ் குறைந்த நிலையிலேயே பல வாரம் கிடந்தால் தட்டின்மேல் ஈய சல்பேட் படிகங்கள் இறுகிப்போகும். அப்புறம் சார்ஜரில் போட்டாலும் முழுக் கொள்ளளவு திரும்பாது. மீட்டரில் 12.6 வோல்ட் காட்டும். லோடு வைத்தால் சரிந்துவிடும்.

எனவே கடையில் முதல் வேலை, தயாரிப்புத் தேதியைக் காட்டச் சொல்வது. அது பெட்டியின் மேல் குறியீடாக அச்சடித்திருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி முறை மாறும். கடைக்காரருக்குப் படிக்கத் தெரியும். தெரியாது என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள். மூன்று மாதத்துக்குள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆறு மாதமானால், இடையில் சார்ஜ் ஏற்றி வைத்தார்களா என்று கேட்க வேண்டும். அதற்கு மேல் போனதைத் தள்ளுபடி விலைக்குக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். அடுத்து மல்டிமீட்டர். 12.6-க்கு மேல் இருந்தால் நல்லது. 12.4-க்குக் கீழே இருந்து, “சார்ஜ் போட்டுத் தர்றேன் சார், சாயங்காலம் வாங்க” என்றால் அந்தச் சாயங்காலம் போக வேண்டாம். லோடு டெஸ்டர் உள்ள கடைக்கு நூறு இருநூறு கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

முன்பெல்லாம் தட்டுகளைச் சார்ஜ் ஏற்றி உலர்த்தி, அமிலம் இல்லாமல் அனுப்பும் ‘டிரை சார்ஜ்’ பேட்டரிகள் பரவலாக வந்தன. கடையில் வைத்துத்தான் அமிலம் ஊற்றுவார்கள்; அன்றுதான் அதற்குப் பிறந்தநாள். தீவுக்கென்றே யோசித்ததுபோன்ற ஏற்பாடு அது. சீல் வைத்த மெயின்டனன்ஸ் ஃப்ரீ ரகங்கள் வந்த பிறகு கார், ஜீப்புக்கு அது அருகிவிட்டது. கிடைத்தால் விடாதீர்கள்.

அளவு விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. 80D26R என்று எழுதியிருந்தால், முதல் எண் அதன் திறனின் தரவரிசை, D என்பது அகல உயரப் பிரிவு, 26 என்பது சென்டிமீட்டரில் நீளம், கடைசி எழுத்து பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம் என்பதைக் காட்டும். L வாங்க வேண்டிய இடத்தில் R வாங்கினால் கேபிள் எட்டாது. இழுத்துக் கட்டினால் ஓடும். முதல் பெரிய பள்ளத்தில் கழன்றுகொள்ளும். சி.சி.ஏ. என்ற எண்ணைக் காட்டி விலையை ஏற்றினால் மயங்க வேண்டாம். அது மைனஸ் 18 டிகிரி குளிரில் இன்ஜினைச் சுழற்றும் திறனின் அளவு. பனியைப் படத்தில் மட்டுமே பார்த்த ஊரில் அதற்காகக் கூடுதல் பணம் எதற்கு? டீசல் இன்ஜினைச் சுழற்றத் தேவையான அளவு இருந்தால் போதும். கவனிக்க வேண்டியது ரிசர்வ் கெப்பாசிட்டி. ஆல்டர்னேட்டர் செத்துப்போனாலும் விளக்கும் வைப்பரும் எத்தனை நிமிடம் ஓடும் என்பதற்கு அதுதான் கணக்கு. வின்ச் வைத்திருப்பவருக்கு இன்னும் முக்கியம்: சேற்றில் புதைந்த வண்டியை முழுச் சுமையில் இழுக்கும்போது வின்ச் 400 ஆம்பியர் வரை உறிஞ்சும்.

குலுக்கல்தான் பலர் கணக்கில் எடுக்காதது. லிட்டில் அந்தமான் ஹட் பேயின் செம்பனைத் தோட்டப் பாதைகள், இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களைக் குடியேற்றிய கச்சல் தீவின் ரப்பர் தோட்டத்து மண் சாலை, திக்லிபூருக்கு அப்பால் சேடில் பீக் அடிவாரம் எல்லாமே பேட்டரித் தட்டின் மேல்பூச்சை உதிர்க்கும் வழிகள். உதிர்ந்தது அடியில் சேர்ந்து தட்டுக்குத் தட்டு பாலம் போட்டால் ஒரு செல் ஷார்ட். ஆறு செல்லில் ஒன்று போனால் 12 வோல்ட் 10 வோல்ட் ஆகிவிடும்; செல்ஃப் மோட்டார் டக்கென்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். கண்ணாடி இழை விரிப்பில் அமிலத்தை உறிஞ்சி வைத்திருக்கும் ஏ.ஜி.எம். ரகம் இந்த அடியை நன்றாகத் தாங்கும், சாய்ந்தாலும் சிந்தாது. ஆனால் விலை கணிசமாகக் கூடும். தினமும் காட்டுப் பாதையில் ஓடும் வண்டிக்கும் வின்ச் வண்டிக்கும் அந்த விலை தகும். மற்றவர்களுக்கு, சாதாரண பேட்டரியை அசையாமல் பிடிக்கும் கிளாம்ப் ஒன்று போதும். துருப்பிடித்த கிளாம்புக்குப் பதில் சைக்கிள் டியூப்பால் கட்டியிருக்கும் வண்டிகளில் பேட்டரி கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

போர்ட் பிளேரிலேயே ஓடும் வண்டிக்குச் சீல் வைத்தது சௌகரியம். தூரத் தீவுகளில் மூடி திறக்கும் ரகமே என் தேர்வு. ஹைட்ரோமீட்டர் விட்டு ஒவ்வொரு செல்லாகப் பார்க்கலாம். எந்தச் செல் சாகப்போகிறது என்பது அடுத்த கப்பல் வரும் முன்பே தெரிந்துவிடும். ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். பிடித்துவைத்த மழைநீர் சுத்தமாகத் தெரிந்தாலும் கடற்கரைக் காற்றின் உப்பு அதில் இருக்கும். குளோரைடு தட்டை அரிக்கும்.

லிதியம் போடலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். தெற்கு அந்தமானில் நம் நெய்வேலி என்.எல்.சி. அமைத்த 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் மின்சாரத்தைச் சேமிப்பது பேட்டரிதான்; அங்கே கண்காணிக்கப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். பானெட்டுக்குள் லிதியம் மக்கர் செய்தால் பார்க்க ஆள் வேண்டுமே! இப்போதைக்கு ஈயமே போதும்.

மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு ஒரு கணக்கு. கடிகாரம், அலாரம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர், மாதத்துக்கு 36. 65 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. ஊருக்குப் போவதற்கு முன் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டால் முடிந்தது. உப்புக் காற்றில் டெர்மினலில் பூக்கும் வெள்ளையையும் பச்சையையும் சோடா உப்புக் கரைத்த வெந்நீரால் கழுவி, வாஸலின் தடவுங்கள். புது பேட்டரி வாங்கும் முன் ஓடும் இன்ஜினில் ஆல்டர்னேட்டர் 13.8 முதல் 14.4 வோல்ட் தருகிறதா என்று பார்ப்பதும் அவசியம். இல்லையென்றால் புதியதும் மாதத்துக்குள் படுத்துவிடும்.

உத்தரவாத அட்டையில் சொந்த வண்டிக்கு ஒரு காலம், வாடகை வண்டிக்குக் குறைந்த காலம் என்று இருக்கக்கூடும். ‘இலவச மாற்று’ எத்தனை மாதம், ‘விகிதப்படி கழிவு’ எத்தனை மாதம் என்பதைப் பிரித்துப் பாருங்கள். மாற்று பேட்டரி காம்பெல் பே வரை வருமா, போர்ட் பிளேரில் வந்துதான் வாங்க வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. தீவில் அதைக் கொட்ட இடமில்லை, உருக்கவும் கூடாது. வந்த கப்பலிலேயே திரும்பிப் போக வேண்டும். எனவே எடைக்குப் போடாமல் கடையிலேயே கொடுத்து, அதற்கான தொகையைப் பில்லில் தனி வரியாகக் கழிக்கச் சொல்லுங்கள்.