பழைய புல்லட் வாங்கும் முன்

உட்கார் மாப்ள, டீ ஆறட்டும். காராச்சேவு சாத்தூரிலிருந்து வந்தது, எடுத்துக்கொள். பழைய புல்லட் ஒன்று வாங்கி ஊர் ஊராகப் போக வேண்டும் என்று நீ சொன்னதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பழைய புல்லட் என்றால் ஒரே வண்டி இல்லை. இரும்பு வார்ப்பு இன்ஜின் உள்ளதை மெக்கானிக்குகள் காஸ்ட் அயர்ன் என்பார்கள். தண்டர்பேர்டில் வந்த ஏவிஎல் வேறு. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கிற யூசிஇ அதற்கும் பின்னால் வந்தது. புல்லட் சத்தத்தை நீ வாயாலேயே செய்து காட்டினாயே, அப்போதே தெரிந்துவிட்டது, உனக்கு வேண்டியது காஸ்ட் அயர்ன்.

அது இங்கிலாந்தில் ரெடிட்ச் என்கிற ஊரில் பிறந்த வடிவம். நம் ராணுவத்துக்கு எல்லையில் ரோந்து போக வண்டி தேவைப்பட்டபோது, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்ச் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. சென்னை திருவொற்றியூரில் ஆலை. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி 1970-இல் அடங்கிய பிறகும் திருவொற்றியூரில் அதே இன்ஜின் 2010 வாக்கு வரை வந்துகொண்டிருந்தது. உனக்கு இதிலுள்ள லாபம் என்ன தெரியுமா? அரை நூற்றாண்டு பெரிதாக மாறாத இன்ஜின் என்பதால் இக்னிஷன் பாயிண்ட், வாஷர், பிஸ்டன் எல்லாம் இன்றைக்கும் மதுரையிலோ திருநெல்வேலியிலோ கிடைக்கும். பார்த்துப் பழகிய கைகளும் இருக்கின்றன. தூரப் பயணத்துக்கு நான் இதை ஒத்துக்கொள்வதற்கு முதல் காரணம் அதுதான். வழியில் நின்றால் ரோட்டோரத்திலேயே திறந்து பார்க்கலாம்.

வேகத்துக்காக என்றால் வேண்டாம். 346 சிசி, 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 18 குதிரைத்திறன். பிஸ்டன் நீளமாக ஏறி இறங்குகிற இன்ஜின், ஆகவே மெதுவாகச் சுற்றும்போதே இழுவை இருக்கும். அறுபதில் ஓட்டினால் நாள் முழுக்க அலுக்காது. எண்பது தொண்ணூறில் விரட்டிக்கொண்டே இருந்தால் கிராங்கில் பிக் எண்ட் பேரிங் அடி வாங்கும். சாத்தூர் வழியாகப் போகிற நான்குவழிச் சாலையில் ஆம்னி பஸ்ஸோடு இதற்குப் போட்டி கிடையாது. வெம்பக்கோட்டை, திருவேங்கடம், சங்கரன்கோவில் என்று தென்காசிக்குப் போகிற மாதிரி ரோடுதான் இதற்கு லாயக்கு.

வண்டியைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பார். தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதன் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். இன்று விற்பனைக்கு வருகிற காஸ்ட் அயர்ன் ஏறக்குறைய எல்லாமே அந்தக் கெடுவைத் தாண்டியவை. புதுப்பித்திருக்கிறார்களா, லோன் பாக்கி ஆர்.சி.யில் ஏறி இருக்கிறதா, விற்பவர் பெயரில்தான் இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பார்த்துவிடலாம். வெறும் கையெழுத்துப் போட்ட படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டலாம் என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடு. 29, 30 ஆம் படிவங்களைக் கையோடு கொடுத்துப் பெயர் மாற்று. சேஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் டார்ச் அடித்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார். எழுத்துக்குப் பக்கத்தில் கிரைண்டர் தடம் இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

இனி இன்ஜின். நீ போவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. போனதும் சிலிண்டர் மேல் கையை வை, குளிர்ந்திருக்க வேண்டும். சூடான புல்லட் யார் மிதித்தாலும் எழும். குளிர்ந்த புல்லட்டில்தான் குறை தெரியும். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்து. ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள அம்மீட்டர் முள் இடப்பக்கம் சாய்ந்து, பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். அங்கே கம்ப்ரஷனை இறக்கிவிடுகிற டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, பிஸ்டனைக் கொஞ்சம் தாண்டவிட்டு, லீவரை விட்டுவிட்டு முழுசாக ஒரு மிதி. முள் அசையவே இல்லை என்றால் பாயிண்டோ வயரிங்கோ ஒழுங்கில்லை. மிதித்ததும் கிக்கர் காலைத் திருப்பி அடித்தால் டைமிங் முன்னால் போயிருக்கிறது. அது சின்ன வேலை, ஆனால் கணுக்காலைப் பெயர்த்துவிடும்.

புகையைப் பார்ப்பதில் அவசரப்படாதே. வெகுநாள் நின்ற வண்டியில் ஆயில் மெல்ல இறங்கிக் கிராங்க் அறைக்குள் சேர்ந்திருக்கும். முதல் ஓரிரு நிமிஷம் நீலமாகப் புகைந்து பிறகு நிற்கும். அது நோய் இல்லை. நன்றாகச் சூடான பிறகும் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் நீலப் புகை என்றால் ரிங், போர் தேய்ந்திருக்கும். ஆக்ஸிலரேட்டரை விட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் என்றால் வால்வு கைடு. மேலே டிக்டிக் என்று மெலிதாகக் கேட்பது டேப்பெட், பயமில்லை. ஏற்றத்தில் இழுக்கும்போது அடியிலிருந்து கனமாக இடிப்பதுபோல் கேட்டால் அது பிக் எண்ட். கிராங்கை வெளியே எடுக்கிற வேலை, அதற்கான பணத்தைச் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். பெயிண்டும் குரோமும் இதில் எதையும் சொல்லாது. புதுப் பெயிண்ட் அடித்த வண்டியைவிட, ஆயில் கசிந்தாலும் தினம் ஓடுகிற வண்டியைத்தான் நான் எடுக்கச் சொல்வேன்.

இன்னொன்று, உன் உயிர் சம்பந்தப்பட்டது. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. நீ ஸ்ப்ளெண்டர் ஓட்டிப் பழகியவன். ஆடு குறுக்கே ஓடினால் உன் வலது கால் தன்னால் மிதிக்கும், மிதிபடுவது கியராக இருக்கும். இடது கால் தானாகப் பிரேக்குக்குப் போகிற வரை காலி மைதானத்தில் மட்டும் ஓட்டு. முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான் என்பதையும் மறக்காதே.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது, இதைக் கவனமாகக் கேள். பழைய புல்லட் சைலன்சரில் படார் என்று வெடிப்பதைச் சில பேர் கெத்து என்று நினைக்கிறார்கள். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய்ப் பற்றுவதுதான் அது. டைமிங் பின்தங்கியிருந்தாலோ, சிலிண்டர் ஹெட்டில் சைலன்சர் குழாய் சேருகிற இடத்தில் காற்று புகுந்தாலோ வரும். உள்ளே இருக்கிற தடுப்பைக் கழற்றிவிட்டால் சத்தம் இன்னும் கூடும். பட்டாசு ஆலைகள் சூழ்ந்த நம் தாயில்பட்டியில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் வீட்டுக்குள் இருப்பவர்கள் வாசலுக்கு ஓடிவந்து எந்தத் திசையில் புகை என்று பார்க்கிறார்கள். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தை மறந்தவர்கள் இந்தப் பக்கத்தில் இல்லை. பட்டாசு ஆலை வாசலில் தீப்பெட்டியையும் செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விடுகிற ஊரில், அப்படி வெடிக்கிற வண்டியைத் தெருவில் கொண்டுபோவது எனக்குச் சம்மதமே இல்லை. வாங்கிய வாரமே சரிசெய். அதோடு பெட்ரோல் குழாயையும் மாற்று. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது, ஊறி வெடிக்கும். கார்பரேட்டர் ஒழுகினால் பெட்ரோல் விழுவது சூடான இன்ஜின் மேல். நிறுத்தினால் பெட்ரோல் டேப்பை மூடுவதைப் பழக்கமாக்கிக்கொள்.

பராமரிப்பில் உன் கையால் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். டேப்பெட்டை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார். கம்ப்ரஷனில் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது புஷ்ராடு விரலில் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் வைத்து அளந்துவிடு. ஆயில் 20டபிள்யூ-50, நம் வெயிலுக்கு 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்று. அளவைக் கொஞ்ச தூரம் ஓட்டி வந்த பிறகு பார்க்க வேண்டும், இல்லையென்றால் குறைந்திருப்பதாகக் காட்டி அதிகமாக ஊற்றிவிடுவாய். இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் இருக்கிற பிரைமரி கேஸ் மூன்றுக்கும் ஆயில் அறை தனித்தனி. சில மெக்கானிக்குகள் இன்ஜின் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பிவிடுவார்கள், நீதான் கேட்டு வாங்க வேண்டும். மழை பெய்த மறுநாள் கரிசல் ரோட்டில் போனால் மட்கார்டுக்குள் மண் அப்பிச் சக்கரமே சுற்றாது. காய்வதற்குள் குச்சியால் சுரண்டிவிடு. கோடையில் அதே மண் தூசியாக ஏர் ஃபில்டரில் ஏறும்.

தூரம் போகும்போது பாயிண்ட் செட் ஒன்று, கண்டன்சர், ஸ்பார்க் பிளக், பிளக் ஸ்பேனர், செயின் லாக், டியூப், பஞ்சர் சாமான், அரை லிட்டர் ஆயில் எடுத்துக்கொள். கண்டன்சரை விட்டுவிடாதே, விலை குறைவான சாமான்தான், ஆனால் சூட்டில் போனால் வண்டி அசையாது. கிளட்ச் கேபிளைப் பெட்டியில் போட வேண்டாம். புதிய கேபிளைப் பழையதோடு சேர்த்து, அது போகிற வழியிலேயே டேப் சுற்றிக் கட்டிவிடு. பழையது அறுந்தால் இரண்டு முனைகளையும் மாற்றி மாட்டிக்கொண்டு பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடலாம்.